இன்ஜின் தேய்ந்த மாருதி 800: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பழைய சிறு கார்களின் பராமரிப்பு குறித்து எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே காரைப் பற்றியவை. 1983 டிசம்பரில் முதல் வாடிக்கையாளரிடம் சாவி ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது வரை முப்பது ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட மாருதி 800, இன்றும் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பலவற்றின் இன்ஜின்கள் இப்போது ஆயுளின் கடைசிக் கட்டத்தை எட்டியிருக்கின்றன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் இன்ஜின் மாற்றுவது பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்களிடம் 2003-ஆம் ஆண்டு மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) மாடல், உள்ளது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. பின்னால் நீல நிறப் புகை வருகிறது. இன்ஜினையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி இல்லையா?
– வாசகர், பொள்ளாச்சி

இருக்கலாம். புகையைக் கண்ணால் பார்த்த அளவிலேயே இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவதுதான் இந்தத் தொழிலில் வாடிக்கையாளருக்கு அதிகச் செலவு வைக்கும் பழக்கம் என்பது என் உறுதியான கருத்து. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று மட்டுமே பொருள். அந்த ஆயில் எந்த வழியாக எரியும் அறைக்குள் போகிறது என்பதைக் கண்டறிந்த பிறகுதான் எதை மாற்றுவது என்ற பேச்சே எழ வேண்டும்.

ஆயில் உள்ளே போவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கீழிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலே வருவது. மற்றொன்று, மேலிருந்து வால்வுத் தண்டின் ஓரமாகக் கசிந்து இறங்குவது. நீங்கள் பொள்ளாச்சியில் இருப்பதால் இவற்றைப் பிரித்தறிய நல்ல வசதி இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் சில வளைவுகள் வரை ஏறிவிட்டுத் திரும்புங்கள். பின்னால் மற்றொரு வண்டியில் ஒருவர் வந்து புகையைக் கவனிக்கட்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும் நேரம் முழுவதும் புகை தொடர்ந்து வந்தால் ரிங்குகளின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். ஏற்றத்தில் அவ்வளவாகப் புகையாமல், இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு நெடுநேரம் இறங்கிய பிறகு மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் மட்டும் குபுக்கென்று புகை கிளம்பினால், வால்வு சீல்களும் வால்வு கைடுகளும்தான் பெரும்பாலும் காரணம். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சிறிது புகைந்து நின்றுவிடுவதும் இதே வகைதான். வால்வு சீல் மாற்றுவது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு முடிகிற வேலை. அதற்காக இன்ஜினையே மாற்றுவது வீண்.

அடுத்து, கிராங்க் அறையின் ஆவியை இன்டேக் பக்கம் இழுக்கும் பி.சி.வி. வால்வையும் அதன் ரப்பர்க் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல ரிங்கு உள்ள இன்ஜினும் ஆயிலை வெளியேற்றும். மிகக் குறைந்த விலையுள்ள இந்தப் பொருளைப் பார்க்காமலே இன்ஜினைப் பிரித்துவிடுகிறார்கள்.

இவற்றுக்குப் பிறகு செய்ய வேண்டியது கம்ப்ரெஷன் பரிசோதனை. இதை முறையாகச் செய்தால்தான் பயனுண்டு: முதலில் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலான இடைவெளியை) சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும், பற்றவைப்பையும் பெட்ரோலையும் துண்டித்திருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். இந்த இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரும் 150 பி.எஸ்.ஐ.-க்கு மேல் காட்டும். மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், அளவு கணிசமாக ஏறும் பட்சத்தில் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவரும்) தேய்ந்துள்ளன என்றும், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ கசிகிறது என்றும் கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு ஒன்றுபோலக் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும்.

கடைசியாக, சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் அழுத்தத்தைத் தனிக் கருவி பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் மிகக் குறைந்து, அடிப்பக்கத்திலிருந்து கனமான தட்டல் ஒலியும் கேட்டால் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். அப்போது ரிங்கு மட்டும் மாற்றுவது பயன் தராது. இந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முடிவு செய்யுங்கள். எண் சொல்லாமல் ‘இன்ஜின் போயிடுச்சு’ என்று மட்டும் சொல்பவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.

போரும் ரிங்கும் தேய்ந்துள்ளது உறுதியாகிவிட்டது. என் இன்ஜினையே ரீபோர் செய்து (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி) முழுமையாக வேலை பார்க்க 34,000 ரூபாய் கேட்கிறார்கள். சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிப் பாகச் சந்தையிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை வரவழைத்துப் பொருத்தித் தர 18,000 ரூபாய் போதும் என்கிறார் மற்றொருவர். எது நல்லது?
– வாசகர், காரைக்குடி

உங்கள் பிளாக்கில் விரிசல் இல்லை என்றால், உங்கள் இன்ஜினையே சரி செய்யுங்கள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது பொறியியல் சார்ந்தது, மற்ற இரண்டும் பணமும் சட்டமும் சார்ந்தவை.

பழைய இன்ஜின் என்று விற்கப்படுவதன் கடந்த காலம் உங்களுக்குத் தெரியாது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை சூடேறியது, எந்த ஆயிலில் ஓடியது என்பதை விற்பவரும் அறியமாட்டார். மாருதி 800-இன் உற்பத்தி நின்றே பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே சந்தையில் கிடைக்கும் இன்ஜின்களும் உங்களுடையதைப் போலவே வயதானவை. ஒரு தேய்ந்த இன்ஜினைக் கொடுத்து, எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாத மற்றொன்றை வாங்குவதற்கு 18,000 ரூபாய் செலவிடுகிறீர்கள். அதைப் பொருத்திய ஓராண்டில் அதுவும் புகையத் தொடங்கினால், கழற்றிப் பூட்டும் கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க நேரும்.

உங்கள் இன்ஜினோ அளந்து பார்க்கக்கூடியது. மாருதி 800-இல் நீண்ட காலம் பயன்பட்ட எஃப்8பி என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின் 796 சி.சி. கொள்ளளவு உடையது, சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 72 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது என்பதால் உள்சுவரைச் சற்றே அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்த முடியும். 0.25 மில்லிமீட்டர், 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவுப் பிஸ்டன்கள் கடைகளில் கிடைக்கின்றன. இந்த வண்டிக்கு உதிரிப் பாகத் தட்டுப்பாடு இல்லாதிருப்பதே பழைய சிறு கார் வைத்திருப்போருக்கு இது கொடுக்கும் பெரிய நன்மை.

ரீபோர் செய்யும் லேத் பட்டறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலையின் தரம் அடங்கியிருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்காக இரண்டு திசைகளிலும் போர் கேஜால் அளக்க வேண்டும். நீள்வட்டமும் சரிவும் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் ரீபோர் கட்டாயம் என்று கொள்ளலாம். புதிய பிஸ்டன்களை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டு, அவற்றை அளந்து அவற்றுக்கேற்பவே போர் செய்யச் சொல்ல வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி முதலில் போர் செய்துவிட்டுப் பிறகு பிஸ்டன் வாங்குவது தலைகீழான முறை. போர் செய்ததும் ஹோனிங் (சாணைக் கல்லால் சுவரை மெருகேற்றுவது) அவசியம். சுவரில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளில் தங்கும் ஆயில்தான் புதிய ரிங்கைக் காப்பாற்றும். ஹோனிங் முடிந்த பிளாக்கைச் சோப்பு நீரும் பிரஷ்ஷும் கொண்டு நன்றாகக் கழுவித் துடைத்து, உடனே ஆயில் பூச வேண்டும். பெட்ரோலால் துடைத்துவிட்டுப் பூட்டிவிடும் பட்டறைகள் உண்டு. அப்படிச் செய்தால் கல்துகள் சுவரிலேயே தங்கி, புதிய ரிங்குகளைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும்.

ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டரில் வைத்து, முனைகளுக்கு இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்த பிறகே பிஸ்டனில் மாட்ட வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் ஜர்னல்களில் (பேரிங்கில் சுழலும் பரப்புகளில்) கீறலோ நீள்வட்டமோ இருந்தால் கிரைண்ட் செய்து, குறை அளவுப் பேரிங் போட வேண்டும். ஹெட் அலுமினியத்தால் ஆனது. வண்டி ஒருமுறை நன்றாகச் சூடேறியிருந்தாலும் அது வளைந்திருக்கக்கூடும். நேர்விளிம்புக் கோலை வைத்து, 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் ஃபேசிங் செய்யச் (பரப்பைக் கடைந்து சமப்படுத்தச்) சொல்லுங்கள். வால்வு கைடு, சீல், இருக்கை ஆகியவற்றையும் இதே சமயத்தில் பார்த்துவிட வேண்டும். கீழ்ப்பகுதியைப் புதுப்பித்துவிட்டுப் பழைய ஹெட்டை அப்படியே மூடுவதால் மீண்டும் புகை வந்து, ரீபோர் வேலையைக் குறை சொல்ல நேர்வதைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

இனி பண விஷயம். 34,000 ரூபாய் என்பதை ஒரே தொகையாக ஏற்காமல் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் தொகுப்பு, ஆயில் பம்ப், லேத் கூலி, கழற்றிப் பூட்டும் கூலி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். உதிரிப் பாகங்களை ரசீதுடன் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது என்பதை ரசீதில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் இன்ஜின் எண். அது பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே பிளாக்கை ரீபோர் செய்தால் எண் மாறாது, ஆர்.சி.யில் ஓர் எழுத்தும் மாறாது. வேறு இன்ஜினோ, வேறு பிளாக்குடன் வரும் ஹாஃப் இன்ஜினோ (ஹெட் இல்லாத கீழ்ப்பாதியோ) போட்டால் எண் மாறும். அதன் விளைவுகளைச் சேலம் வாசகரின் கேள்விக்கான பதிலில் விரிவாகத் தருகிறேன்.

பிளாக்கிலேயே விரிசல் இருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து சுவரைத் துளைத்திருந்தாலோ பழைய இன்ஜினைத் தேடுவதைத் தவிர வழியில்லை. அந்த நிலையில் சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ சென்றால், வண்டியிலிருந்து இறக்காத இன்ஜினையோ, ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டும் இன்ஜினையோ கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் கறுத்த பிசுபிசுப்போ, பால்போன்ற படலமோ இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே கம்ப்ரெஷன் அளக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அப்பா ஓட்டிய 1998-ஆம் ஆண்டு 800 எங்களிடம் இருக்கிறது. இன்ஜின் வேலைக்குச் செலவு செய்தால் அந்தப் பணம் வண்டியின் மதிப்பில் திரும்பி வருமா?
– வாசகி, நாகர்கோவில்

விற்பனை மதிப்பில் திரும்பி வராது. விற்கும் எண்ணம் இருந்தால் செலவு செய்ய வேண்டாம். வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால், இன்னும் ஐந்தாண்டுகள் உங்களுக்கு வேண்டிய போக்குவரத்தை வேறு எந்தக் காரும் இந்தத் தொகைக்குத் தராது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆனால் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பு பாடியைப் பாருங்கள். உங்கள் ஊரில் கடற்காற்றின் உப்பு தகரத்தை அரிக்கும். வண்டியை ஜாக்கியில் அல்லாமல் லிஃப்டில் ஏற்றி, கால் வைக்கும் தளம், கதவுக்குக் கீழுள்ள பட்டை, முன் சஸ்பென்ஷனின் மேற்கூம்பு, பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றைத் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தில் ஓட்டை என்றால் வெல்டிங்கில் தீரும். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமே உதிர்கிறது என்றால் வண்டி பாதுகாப்பானதல்ல. எவ்வளவு பாசம் இருந்தாலும் அதில் புதிய இன்ஜினைப் பொருத்தக் கூடாது. இதை வருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

என்னுடையது 1996-ஆம் ஆண்டு கார்புரேட்டர் மாடல். இதில் ஆல்ட்டோ இன்ஜினைப் பொருத்தினால் வேகமும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். ஆம்னி இன்ஜினும் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டுமே 796 சி.சி.தானே?
– வாசகர், தஞ்சாவூர்

கொள்ளளவு ஒன்றுதான், இன்ஜின் ஒன்றல்ல. ஆம்னியில் இருப்பதும் எஃப்8பி குடும்பமே எனினும், அதில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டுகிறது. 800-இல் குறுக்குவாக்கில் அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுகிறது. ஆகவே சம்ப், மேனிஃபோல்டு, தாங்கிகள் எல்லாம் வேறுபடும். அனுபவமுள்ள மெக்கானிக் இவற்றை மாற்றிப் பொருத்திவிடுவார். ஆனால் அவ்வாறு செய்வதில் மிச்சமாகும் பணம் சொற்பம்.

ஆல்ட்டோவின் எஃப்8டி இன்ஜின் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் கொண்டது. 2000-ஆம் ஆண்டில் 800-இன் ஒரு மாடலிலும் இதையே ஐந்து கியர் பெட்டியுடன் பொருத்தினார்கள். அதை உங்கள் கார்புரேட்டர் வண்டியில் வைக்க வேண்டுமானால் இன்ஜின் மட்டும் போதாது. கட்டுப்பாட்டுக் கணினி, அத்தனை சென்சார்கள், முழு ஒயரிங், டேங்கினுள் பெட்ரோல் பம்ப், திரும்பும் எரிபொருள் குழாய், ஆக்சிஜன் சென்சாருடன் கூடிய புகைப்போக்கி எனப் பெரும்பகுதி இடம் மாற வேண்டும். இவற்றில் பாதியைச் செய்து பாதியை விட்டுவிட்ட வண்டிகளில் வரும் கோளாற்றைக் கண்டறிய எந்தச் சுற்றுப்படமும் உதவாது. அதற்கு மேல், தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையிலிருந்து வேறுபட்ட இன்ஜினைப் பொருத்துவதைப் பதிவு அதிகாரி ஏற்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கார்புரேட்டர் இன்ஜினைப் போட்டு ‘எளிமையாக்கிவிட்டோம்’ என்று சொல்வோரும் இருக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 2, 3 என்ற புகை வெளியேற்ற விதிகளின்படி தயாரான பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 3 விழுக்காடு வரை அனுமதி. வண்டிக்குரிய வரம்பு அதன் தயாரிப்பு ஆண்டைப் பொறுத்தது. உள்ளே என்ன இன்ஜின் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. ஆகவே அந்த வண்டி புகைச் சான்று பெறாது.

உங்கள் கார்புரேட்டர் இன்ஜினையே ரீபோர் செய்து, கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சரியாக வைத்தால், உங்கள் வண்டி புதிதில் தந்த மைலேஜை ஏறத்தாழத் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆல்ட்டோவையே வாங்குவது நேர்மையான வழி.

பிளாக் உடைந்ததால் வேறு மாருதி 800 இன்ஜின் வாங்கிப் பொருத்திவிட்டேன். மூன்று மாதம் ஆகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா? எஃப்.சி. (தகுதிச் சோதனை) வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

அப்படி விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று அது சொல்கிறது. இன்ஜினை மாற்றியிருந்தால், மாற்றிய 14 நாட்களுக்குள் உரிமையாளர் தம் பகுதிப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் செலுத்திப் புதிய விவரத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிவின் கட்டளை. உங்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. இனியும் தள்ளிப்போடாமல் நேரில் சென்று எழுத்து மூலம் தெரிவிப்பதே சரியான வழி. சட்டம் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. உங்களுடையது அதே வகை இன்ஜின் என்பதால் அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் மறைத்து வைத்தால் நிலைமை வேறாகும்.

உண்மையான ஆபத்து அபராதத்தில் இல்லை. உங்கள் வண்டி விபத்துக்குள்ளாகி இழப்பீடு கோரும்போது, சர்வேயர் ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஒப்பிடுவார். இரண்டும் பொருந்தாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே ஆர்.சி.யில் மாற்றம் பதிவானதும் காப்பீட்டுப் பத்திரத்திலும் புதிய எண்ணை எண்டார்ஸ்மென்ட் மூலம் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் மீது கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும்.

இதைவிடக் கவனமாகச் செய்ய வேண்டியது, அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதை உறுதி செய்வது. திருடப்பட்ட வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின் என்று பின்னால் தெரிந்தால் பொருள் போவதோடு முடியாது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாஹன் சமன்வய்’ சேவையில் இன்ஜின் எண்ணைக் கொண்டு, அந்த வண்டி காணாமல்போனதாகக் காவல்துறைப் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியது, இப்போதாவது செய்யுங்கள். கடைக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது, அதில் இன்ஜின் எண், அது எந்தப் பதிவு எண்ணுள்ள வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த வண்டியின் பதிவு முறையாக நீக்கப்பட்டதற்கான ஆவணத்தின் நகலும் கிடைத்தால் ஆய்வாளர் முன் உங்கள் நிலை வலுவாகும்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ஜின் எண்ணைத் தேய்த்து, பழைய எண்ணையே புதிய பிளாக்கில் பொறித்துத் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். நேர்மையாக வாங்கிய இன்ஜினைத் திருட்டுப் பொருள்போலத் தோன்றச் செய்வதைத் தவிர அதனால் வேறெந்தப் பயனும் இல்லை.

பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களை ஓட்டக் கூடாது என்று செய்தி வருகிறதே, இன்ஜின் மாற்றி என்ன பயன்?
– வாசகர், வேலூர்

அந்த ஆணைகள் டெல்லி தலைநகரப் பகுதிக்கானவை, தமிழ்நாட்டுக்குப் பொருந்தாதவை. இங்கே தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 15 முதல் 20 ஆண்டு வரையிலான காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் இன்ஜின் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புகைச் சோதனையும் தகுதிச் சோதனையும் ஒரே மூச்சில் முடியும்.

அடுத்த வாரம் என் 800-இன் இன்ஜினை இறக்கி ரீபோர் செய்யப் போகிறார்கள். அதோடு சேர்த்து வேறு என்னென்ன மாற்ற வேண்டும்? வேலை முடிந்த பின் எப்படி ஓட்ட வேண்டும்? இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் புதிய இன்ஜினைப் பாதிக்குமா?
– வாசகர், ஈரோடு

இன்ஜின் வெளியே இருக்கும்போது கைக்கு எட்டுகிற, பின்னால் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி கூலி கேட்கிற பொருள்கள் அனைத்தையும் இப்போதே பாருங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் முன் பின் ஆயில் சீல்கள், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், இன்ஜின் தாங்கி ரப்பர்கள் ஆகியவை இந்த வரிசையில் வரும். டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. தோற்றத்தில் நன்றாக இருந்தாலும் பழையதை மீண்டும் மாட்ட வேண்டாம்.

ரேடியேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின்கள் பலவற்றைக் கொன்றது கிலோமீட்டர் அல்ல, சூடு. உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் குழல்கள் பாதியளவு அடைந்திருக்கும். அதை அப்படியே புதிய இன்ஜினுடன் இணைத்தால், முதல் நீண்ட பயணத்திலேயே இறுக்கமான புதிய பிஸ்டன்கள் சூடேறிச் சுவரைக் கீறிவிடும். ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் செய்யுங்கள் (குழல்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை நீக்குங்கள்), அல்லது மாற்றுங்கள். ஹோஸ்களையும் மூடியையும் புதிதாக வாங்குங்கள். மின்விசிறி உரிய சூட்டில் தானாக ஓடுகிறதா என்பதைக் கண்முன்னே பாருங்கள். சுத்திகரித்த நீரும் கூலன்டும் கலந்ததை மட்டுமே ஊற்றுங்கள்.

எத்தனால் பற்றிய கவலை நியாயமானது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் விற்கப்படுகிறது. உங்கள் வண்டியின் ரப்பர்க் குழாய்களும் சீல்களும் அதற்காக வடிவமைக்கப்பட்டவையல்ல. பிஸ்டனும் ரிங்கும் அதனால் கெடப்போவதில்லை. ஆனால் வயதான எரிபொருள் குழாய்கள் உப்பவோ வெடிக்கவோ கூடும். கசியும் பெட்ரோல் தீ விபத்தில் முடியலாம். எனவே டேங்கிலிருந்து இன்ஜின் வரையுள்ள ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுங்கள். கார்புரேட்டர் என்றால் அதன் கேஸ்கெட் தொகுப்பையும் சேர்த்து மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியானால் பழைய பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

ஓட்டும் முறைக்கு வருவோம். முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஆயிலை எல்லா இடத்துக்கும் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு பட்டறையில் மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவது பலரிடம் உள்ள பழக்கம், அது தவறு. ரிங்குகள் சுவரோடு படிவதற்கு மிதமான பளு வேண்டும். ஐடிலில் அந்தப் பளு கிடைக்காமல் சுவர் வழவழப்பாகிவிடும். இன்ஜின் சூடானதும் சாலைக்கு எடுத்துச் சென்று, மூன்றாம் கியரில் மிதமாக வேகம் கூட்டி, காலை எடுத்து வேகம் குறைய விட்டு, மீண்டும் கூட்டி, இவ்வாறு பலமுறை செய்யுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதையும், முழு ஆக்சிலரேட்டர் மிதிப்பதையும், உயர் கியரில் திணற விடுவதையும், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். ஈரோட்டிலிருந்து பெருந்துறை வரை போய் வருவது நல்ல பயிற்சி. தாளவாடிக்குத் திம்பம் வழியாக இப்போதைக்கு வேண்டாம்.

முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். படியும்போது உதிரும் உலோகத் துகள்கள் அதில்தான் இருக்கும். மாற்றிய ஆயிலை வெள்ளைத் துணியில் சிறிது ஊற்றிப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் நிறப் பளபளப்பு இயல்பானது, கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் கிடைத்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் டாப்பெட் இடைவெளியைச் சரி செய்த பிறகு கம்ப்ரெஷனை மீண்டும் அளந்து, மூன்று சிலிண்டர்களின் எண்களையும் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒவ்வொரு வாரமும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பார்ப்பது அவசியம். ரிங்குகள் படியும் வரை சிறிதளவு ஆயில் குறைவது இயல்பு, ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் குறைந்துகொண்டே இருந்தால் ரசீதுடன் பட்டறைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.